மலையில் மட்டும் திணறிய ஆர்டி 350: இரட்டை கார்ப்பரேட்டர் சிங்க் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) உள்ள வண்டி கோளாறோடு வந்தால் முதலில் நான் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். இரண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி சுணங்குகின்றனவா, இல்லை ஒன்று சுணங்கி மற்றது அதையும் சேர்த்து இழுக்கிறதா? இரண்டும் ஒன்றாகச் சுணங்கினால் பெட்ரோல், காற்று வடிகட்டி, ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை) அளவு, மலை உயரம் என்று இரண்டுக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். ஒன்று மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக்கே உரிய காரணத்தைத் தேட வேண்டும். சிங்க், அதாவது இரண்டு கார்ப்பரேட்டரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திறக்கும் ஒத்திசைவு, கெடுவது இந்த இரண்டாம் வகை. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வண்டி நல்ல பாடம். அதனால்தான் முழு விவரத்தோடு எழுதுகிறேன்.

வண்டியும் புகாரும்

1985-ல் வாங்கிய ராஜ்தூத் 350. யமஹாவின் தொழில்நுட்பத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இங்கே தயாரித்த வண்டி. 347 சிசி, இரட்டை சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், ரீட் வால்வு, ஆறு கியர். ஊரில் எல்லோருக்கும் இது ஆர்டி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மிகுனி கார்ப்பரேட்டர், தனி பாயின்ட் (ஸ்பார்க் வரும் நேரத்தை முடிவுசெய்யும் தொடுமுனை), தனி காயில், தனி சைலன்சர். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு 175 சிசி வண்டிகள் ஒரே கிராங்க்கில் ஓடுகின்றன. ஆராய்ச்சிக்கு இது பெரிய வசதி. ஒரு பக்கம் சந்தேகமாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் அதே வண்டியிலேயே இருக்கிறது.

உரிமையாளர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் இளைஞர். அப்பா ஓட்டிய வண்டியை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு போய் வருவது வழக்கம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"அண்ணா, ஓமலூர் ரோட்டுல எடுத்தா ஒரு குறையும் இல்லீங்க. மலை ஏறுனா மட்டும் ஒவ்வொரு வளைவுலயும் ஆக்சிலேட்டர் திருப்புனதும் ஒரு நிமிஷம் செத்துப்போவுது, அப்புறம் தூக்கிப் போடுது. மேல காத்து கம்மி, அதான்னு சொல்லி ஒருத்தர் ஜெட்டை மாத்திக் குடுத்தாருங்க. அப்பவும் அப்படியேதான்."

"எப்பலேர்ந்து தம்பி?"

"சித்திரைல ஆக்சிலேட்டர் கேபிள் அந்துபோச்சு. புதுசு போட்டு ஓட்டிட்டிருந்தேன். அதுக்கப்புறம் எப்போன்னு சரியா சொல்லத் தெரியலீங்க."

கேபிள் மாற்றிய பிறகு என்ற ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. கேபிள் மாற்றியவரே கார்ப்பரேட்டரையும் கழற்றிக் கழுவியிருக்கிறார். மெயின் ஜெட்டை இரண்டு பக்கமும் ஒரு அளவு சிறிதாக்கியிருக்கிறார். ஐடிலிங் நிற்கவில்லை என்று ஏதோ ஒரு ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார். பிளக்கும் புதிது. ஐந்து இடத்தில் கை வைத்த வண்டியில் எந்தக் கை கெடுத்தது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மலைதான் காரணமா

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கார்ப்பரேட்டர் காற்றின் எடையை அளந்து பெட்ரோல் விடுவதில்லை. அதனால் காற்று மெலியும்போது கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடிப்போகும். அடர்த்தி குறைந்ததில் சுமார் பாதி அளவுக்கு. ஆக மேலே போனால் வண்டி சற்று மந்தமாவது இயல்பு. யாரும் மறுக்க முடியாது.

ஆனால் உயரத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அது இரண்டு சிலிண்டரையும் சமமாகப் பாதிக்கும். இடது கார்ப்பரேட்டருக்கு ஒரு காற்று, வலதுக்கு ஒரு காற்று என்று மலையில் கிடையாது. இரண்டு, அது ஏற ஏறக் கூடும். அடிவாரத்தில் இல்லாமல் இருபதாவது கொண்டை ஊசியில் தெரியும்.

அடிவாரத்திலிருந்து நானே வண்டியை எடுத்துப் போனேன். முதல் வளைவிலேயே கோளாறு முழுசாக இருந்தது. ஆக்சிலேட்டரை மூடி வளைவுக்குள் நுழைந்து, இரண்டாவது கியரில் கைப்பிடியை மெல்லத் திறந்தால் வலது பக்கம் மட்டும் பிடித்து இழுக்கிறது. வண்டி ஒற்றைக் காலில் நொண்டுவதுபோல அதிர்ந்து போகிறது. கால்மிதியில் கரகரவென்று நடுக்கம். இன்னும் கொஞ்சம் திறந்ததும் இடது சிலிண்டர் திடீரென்று சேர்ந்துகொள்கிறது. உரிமையாளர் சொன்ன 'தூக்கிப் போடுது' இதுதான். பாதிக்கு மேல் திறந்துவிட்டால் எந்தக் குறையும் இல்லை. வளைவுகளுக்கு இடையிலுள்ள நேரான ஏற்றங்களில் இரண்டு சிலிண்டரும் ஒரே குரலில் கத்திக்கொண்டு போயின. இறங்கி வந்து கோரிமேட்டில் நெரிசலுக்குள் ஊர்ந்தபோதும் அதே நொண்டல். அங்கே ஏது உயரம்?

ஓமலூர் ரோட்டில் ஏன் தெரியவில்லை, மலையில் ஏன் தெரிகிறது என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கைப்பிடி பெரும்பாலும் ஒரே நிலையில், நன்றாகத் திறந்தபடி இருக்கும். மலையில் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் மூடி மூடித் திறக்கிறோம். சிங்க் கோளாறு வாழ்வது அந்த முதல் சில மில்லிமீட்டர் திறப்பில்தான். ஏற்காடு ரோடு இருபது முறை அதே இடத்தைத் தொடுகிறது. கோளாறை மலை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

ஜெட்டைச் சிறிதாக்கிய விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிரோடு விளையாடும் வேலை. மெயின் ஜெட் பேசத் தொடங்குவது கைப்பிடி முக்கால் திறந்த பிறகு. இந்த வண்டியின் குறை கால் திறப்புக்குள். சம்பந்தமே இல்லாத ஜெட்டை மாற்றி, மலைக்கு ஓரளவு ஒத்துவருகிற கலவையோடு, இந்த வண்டி ஓமலூர் ரோட்டில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சமவெளியின் அடர்ந்த காற்றில் அந்த ஜெட் கலவையை மெலிய வைக்கும். மெலிந்த கலவை பிஸ்டனைச் சூடாக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் நெடுஞ்சாலையில் ஜாம் ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சவாரிக்காக வாரம் முழுக்க இந்த ஆபத்தைச் சுமக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பழைய அளவு ஜெட்டையே திரும்பப் போட்டேன்.

சிங்க்கைத் தொடும் முன்

ஒரு சிலிண்டர் பின்தங்க சிங்க் மட்டும் காரணமல்ல. பிளக், பாயின்ட், கம்ப்ரஷன், காற்றுக் கசிவு, ஃப்ளோட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரம், அடைத்த பைலட் ஜெட் (ஐடிலிங்குக்கான ஜெட்), முழுசாக மூடாத சோக், எல்லாமே இதே நொண்டலைத் தரும். இவை சரியில்லாமல் சிங்க் செய்தால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் ஈடுகட்டுவதாகிவிடும். பத்து நாளில் திரும்ப வந்து நிற்கும்.

குளிர்ந்த எஞ்சினை உதைத்து, ஐடிலிங்கில் விட்டு, இரண்டு சைலன்சர் வாய்க்கும் பின்னால் உள்ளங்கையைக் காட்டினேன். வலதில் உறுதியான, சீரான அடி. இடதில் மெலிந்த மூச்சு, இடையிடையே ஒரு அடி விட்டுப்போகிறது. இரண்டு எக்ஸாஸ்ட் குழாயிலும் சிலிண்டருக்கு அருகே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் வலதில் முதலில் சுண்டியது. கருவி எதுவும் இல்லாமல், ரோட்டோரத்தில்கூட செய்யக்கூடிய சோதனை இது. கையைச் சுட்டுக்கொள்ளாமல் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள்.

பிளக் இரண்டும் என்ஜிகே பி8எச்எஸ். வலது பிளக் நல்ல காபிக்கொட்டை நிறம். இடது கறுத்து, ஆயில் ஈரத்தோடு இருந்தது. இங்கேதான் பலர் 'இடது பக்கம் பெட்ரோல் கூட' என்று முடிவு கட்டி ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகத் தொடங்குவார்கள். யோசித்துப் பாருங்கள்: ஆர்டியில் ஆயில் பம்ப் தனி. அது எஞ்சின் வேகத்தையும் கைப்பிடியையும் பார்த்து இரண்டு சிலிண்டருக்கும் ஒரே அளவு ஆயில் அனுப்புகிறது. இடது சிலிண்டருக்குக் கலவை குறைவாகப் போனால் அங்கே எரிவது குறையும், ஆனால் வந்து சேரும் ஆயில் குறையாது. எரியாமல் தங்கிய ஆயில் பிளக்கை நனைக்கும். ஆக, கறுத்த பிளக் பெட்ரோல் கூடியதன் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை. சோம்பேறிச் சிலிண்டரின் அடையாளமாகவும் இருக்கலாம்.

பிளக்கை இடம் மாற்றிப் போட்டேன். குறை இடதிலேயே நின்றது. பிளக் குற்றவாளி இல்லை. பாயின்ட் இடைவெளி இரண்டிலும் 0.35 மில்லிமீட்டர், முகம் சுத்தம், டைமிங் இரண்டும் ஒத்தே இருந்தது. ஆர்டியில் பாயின்ட் இரண்டு ஜோடி என்பதால் இதை விட்டுவிடவே கூடாது. ஒரு பக்கம் டைமிங் தாமதமானால் ஏறக்குறைய இதே உணர்வுதான் வரும். கம்ப்ரஷன் கேஜில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து பிஎஸ்ஐக்குள் அடங்கியது.

அடுத்தது காற்று இழுக்கிறதா என்பது. ஐடிலிங்கில் வைத்துக்கொண்டு மேனிஃபோல்டு ரப்பர், கார்ப்பரேட்டர் கிளாம்ப், ரீட் பிளாக் ஓரம் ஆகிய இடங்களில் கார்ப்பரேட்டர் ஸ்ப்ரேயைச் சிறிதாக அடித்தேன். எங்கேயாவது கசிவு இருந்தால் எஞ்சின் வேகம் மாறும். மாறவில்லை. இடது கிராங்க் சீலையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது பழசானால் காயில் பக்கத்திலிருந்து காற்று இழுத்து இடது சிலிண்டரை மட்டும் மெலிய வைக்கும். ஐடிலிங் தானாக ஏறி, இறங்க மறுக்கும். இந்த வண்டியில் அப்படி எதுவும் இல்லை. வலது சீல் போனால் கியர் ஆயில் எரிந்து வலது சைலன்சரில் வெள்ளைப் புகை கொட்டும், கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். அதுவும் இல்லை.

ஃப்ளோட் உயரம் இரண்டும் சமம். பைலட் ஜெட் இரண்டிலும் வெளிச்சம் தெரிந்தது. நீடில் கிளிப் இரண்டும் ஒரே பள்ளத்தில். கழுவியவர் இந்த வேலையை ஒழுங்காகவே செய்திருந்தார், பாராட்ட வேண்டும். ஏர் ஸ்க்ரூ மட்டும் ஒரு பக்கம் ஒன்றரைச் சுற்று, மறுபக்கம் இரண்டரைச் சுற்றுக்கு மேல். இடது சிலிண்டரை எப்படியாவது எழுப்பப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றரையில் வைத்துவிட்டு ஸ்லைடுக்கு, அதாவது கைப்பிடியைத் திருப்பினால் கார்ப்பரேட்டருக்குள் மேலேறிக் காற்று வழியைத் திறக்கும் பாகத்துக்கு, வந்தேன்.

ஸ்லைடு சொன்னது

காற்று வடிகட்டிப் பக்கத்து ரப்பர்களைக் கழற்றினால் இரண்டு கார்ப்பரேட்டர் வாயும் நேராகத் தெரியும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். ஒவ்வொரு வாயிலும் ஒரு விரல். ஒருவர் கைப்பிடியை மிக மெதுவாகத் திருப்பட்டும். இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் அசைய வேண்டும். விரலே போதும், பெரிய வித்தியாசம் இருந்தால் சொல்லிவிடும். இங்கே வலது ஸ்லைடு கிளம்பிப் போய்க்கொண்டே இருக்க, இடது உட்கார்ந்திருந்தது.

எவ்வளவு என்று தெரிந்துகொள்ள சைக்கிள் ஸ்போக் இரண்டு போதும். ஒரே நீளத்தில் ஒரு சாண் அளவு வெட்டி, நுனியைத் தேய்த்து மழுங்க வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியைத் திறந்து ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் ஒரு ஸ்போக் நுனியை வைத்து மூடினால் ஸ்லைடு அதைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இனி கைப்பிடியை மெல்லத் திருப்பினால், ஸ்லைடு விட்ட கணத்தில் ஸ்போக் தலை தாழ்ந்து விழும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி. ஸ்போக்கை நீளமாக வைப்பது உள்ளே போய்விடாமல் இருக்கவும், சின்ன அசைவு வெளியே பெரிதாகத் தெரியவும்தான்.

வலது விழுந்த பிறகும் இடது அசையவே இல்லை. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை அளவுகோலாக வைத்துப் பார்த்தேன். வலது ஸ்லைடின் கீழ் 3 மில்லிமீட்டர் தண்டு நுழையும் நிலையில் கைப்பிடியை நிறுத்தினால், இடதில் 1.5 மில்லிமீட்டர்தான் நுழைந்தது.

இந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வலது 3, இடது 1.5 என்றால் இடது பாதிதான் திறந்திருக்கிறது. உண்மையில் பாதிகூட இல்லை. துளை வட்டமானது, அடியில் குறுகலாக இருக்கும். உயரம் பாதி என்றால் காற்று போகும் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வரும். இப்போது கைப்பிடியை நன்றாகத் திறக்கிறோம்: வலது 20, இடது 18.5. அதே ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஆனால் உயரத்தில் வித்தியாசம் எட்டு சதவீதத்துக்கும் குறைவு. ஓட்டுபவருக்குத் தெரியாது. முழுசாகத் திறந்தால் இரண்டும் துளையை விட்டு மேலே போய்விடும், வித்தியாசமே இராது. சிறு திறப்பில் நொண்டி, பெருந்திறப்பில் மறைந்துபோகும் கோளாறு என்றால் சிங்க்கைச் சந்தேகிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் ஆதாரம். மாறாக, சிறு திறப்பில் ஒழுங்காகவும் முழுத் திறப்பில் ஒரு பக்கம் மட்டும் சுணக்கமாகவும் இருந்தால் கேபிளை விட்டுவிட்டு மெயின் ஜெட்டையும், அந்தப் பக்கத்துக்குப் பெட்ரோல் வரும் வழியையும் பாருங்கள்.

காரணம் கேபிளில் இருந்தது. ஆர்டியின் ஆக்சிலேட்டர் கேபிள் கைப்பிடியிலிருந்து ஒன்றாக வந்து, நடுவில் ஒரு சின்னக் கூட்டுக்குள் மூன்றாகப் பிரியும். இரண்டு கார்ப்பரேட்டருக்கு, ஒன்று ஆயில் பம்ப்புக்கு. புதிதாகப் போட்டிருந்த மாற்று கேபிளில் இடது கிளையின் உள்கம்பி, அதன் உறையோடு ஒப்பிடும்போது, வலதைவிட நீளம். அந்த மிச்ச நீளம் தீர்ந்த பிறகுதான் இடது ஸ்லைடு அசையும். இடது அட்ஜஸ்டரைக் கடைசி மரை வரை வெளியே திருகியும் தொய்வு தீரவில்லை. அட்ஜஸ்டர் ஒரு பக்கம் முழுசாக வெளியேயும் மறுபக்கம் உள்ளேயும் இருக்கிற ஆர்டியைப் பார்த்தால், வேறு எதையும் கேட்காமல் கேபிளைக் கழற்றி அளந்துவிடுவது நல்லது.

ஐடிலிங்கில் இருந்த வித்தியாசம் வேறு கணக்கு. ஐடிலிங்கில் ஸ்லைடு கேபிளில் தொங்குவதில்லை, ஸ்டாப் ஸ்க்ரூவின் மேல் உட்காருகிறது. வண்டி நிற்கிறது என்று யாரோ வலது ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள், ஒரு சிலிண்டர் இரண்டு பேர் வேலையைப் பார்த்திருக்கிறது. ஐடிலிங் வித்தியாசம் ஸ்க்ரூவால், அதற்கு மேல் வருவது கேபிளால். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் கேபிளில் தீர்க்க வேண்டியதை ஸ்க்ரூவில் தீர்க்கப் பார்த்து நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

சரிசெய்த வரிசை

வேறு கேபிள் வரவழைத்தோம். போடும் முன் மேசையில் நீட்டி, உறையை நேராக இழுத்துப் பிடித்து, இரண்டு கார்ப்பரேட்டர் கிளையிலும் வெளியே நீளும் உள்கம்பியை ஸ்கேலில் அளந்தேன். இரண்டும் சமம். கொலுசில் நூலளவு வித்தியாசத்தையும் பிடிக்கிற கண் அந்தத் தம்பிக்கு. இனி அவர் எந்தக் கேபிளையும் அளக்காமல் வாங்க மாட்டார்.

வரிசை முக்கியம்: ஐடிலிங் முதலில், கேபிள் பிறகு, ஆயில் பம்ப் கடைசியில். மாற்றிச் செய்தால் பின்னால் செய்வது முன்னால் செய்ததைக் கலைக்கும்.

இரண்டு கேபிளிலும் தாராளமாகத் தொய்வு விட்டு, ஸ்டாப் ஸ்க்ரூ இரண்டையும் பின்வாங்கி, ஸ்லைடுகள் அடியில் உட்காரும் வரை விட்டேன். பிறகு இரண்டையும் ஒரே தடிமனுள்ள கம்பியைப் பிடிக்கும் அளவுக்குச் சமமாக ஏற்றினேன். எஞ்சினை ஓட்டி நன்றாகச் சூடாக்கிய பின், ஒரு பக்கப் பிளக் கேப்பைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி சிலிண்டர் தலையில் எர்த் ஆகும்படி வைத்து, ஒற்றைச் சிலிண்டரில் ஓடவிட்டேன். எர்த் இல்லாமல் வெறுமனே கழற்றி வைத்தால் காயில் போய்விடும், ஷாக்கும் அடிக்கும். ஒற்றையில் நிற்கவில்லை என்றால் இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவு ஏற்றிக்கொள்ளலாம். இடது மட்டும் ஓடும்போது வரும் வேகமும் வலது மட்டும் ஓடும்போது வரும் வேகமும் ஒன்றாகும் வரை அந்தந்த ஸ்க்ரூவைத் தொட வேண்டும். இதை நீட்டக் கூடாது. அணைந்திருக்கும் பக்கத்துச் சைலன்சரில் எரியாத பெட்ரோல் சேர்ந்துகொண்டே போகும். பிறகு இரண்டு கேப்பையும் மாட்டி, இரண்டு ஸ்க்ரூவையும் சமமாக இறக்கி, 1,300 சுற்று அளவில் நிறுத்தினேன்.

அடுத்து எஞ்சினை அணைத்துவிட்டுக் கேபிள். ஒவ்வொரு அட்ஜஸ்டரிலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தொய்வு விட்டு, ஸ்போக் இரண்டும் ஒரே கணத்தில் விழும் வரை சரிசெய்தேன். லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டர் கூடவே சுற்றிக்கொள்ளும், அதனால் இறுக்கிய பிறகு திரும்பவும் பார்க்க வேண்டும். கைப்பிடியை முழுசாகத் திருகி, கண்ணாடியும் டார்ச்சும் வைத்து இரண்டு ஸ்லைடும் துளையை விட்டு முழுக்க மேலே போகின்றனவா என்று பார்த்தேன். பின் எஞ்சினை ஓட்டி, ஹேண்டில்பாரை இந்தப் பக்கக் கடைசிக்கும் அந்தப் பக்கக் கடைசிக்கும் திருப்பினேன். வேகம் கொஞ்சம்கூட ஏறக் கூடாது. ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள். கொண்டை ஊசியில் ஹேண்டிலைத் திருப்பியபோது ஆக்சிலேட்டர் தானாகத் திறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயில் பம்ப்பை மறப்பவர்கள் நிறைய. கார்ப்பரேட்டர் கேபிளில் கை வைத்தாலே, கைப்பிடிக்கும் பம்ப்புக்கும் உள்ள உறவு மாறிவிடும். பம்ப் சக்கரத்தில் உள்ள குறி அதற்குரிய முள்ளோடு ஒத்து நிற்கிறதா என்று பார்த்து, பம்ப் கேபிளைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். அருமையாக சிங்க் செய்த எஞ்சின் ஆயில் போதாமல் ஜாம் ஆனால் அந்த வேலையால் யாருக்கும் பயனில்லை.

மறுபடி மலை

அடிவாரத்திலிருந்து உரிமையாளரே ஓட்டினார், நான் பின்னால் வேறு வண்டியில் போனேன். முதல் வளைவிலிருந்தே இரண்டு சைலன்சரும் ஒரே தாளத்தில் பேசின. மூடித் திறக்கும் இடத்தில் இருந்த பள்ளம் போய்விட்டது. மேலே ஒண்டிக்கடை அருகே நிறுத்தி ஐடிலிங்கில் விட்டபோது இரண்டு சைலன்சரிலும் புகை சற்றுக் கூடியிருந்தது, ஆனால் இரண்டிலும் ஒரே அளவு. எஞ்சினும் கீழே இருந்ததைவிடக் கொஞ்சம் மந்தம். இதுதான் உயரத்தின் உண்மையான கையெழுத்து. சேலத்தில் வாழ்ந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேறும் வண்டிக்கு இதற்காக ஜெட் மாற்றத் தேவையில்லை. நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் வருடம் முழுக்க மேலேயே ஓடும் வண்டி என்றால் அது வேறு பேச்சு.

இறக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்து அனுப்பினேன். கைப்பிடியை மூடியபடியே எஞ்சின் பிடிப்பில் நீண்ட தூரம் இறங்கினால் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் போகும் ஆயில் மிகக் குறைவு. இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறையாவது ஒரு சின்ன ரேஸ் கொடுத்து இறங்க வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

நின்ஜா 250ஆர் போன்ற நான்கு ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் அணுகுமுறை வேறு. அங்கே கேபிள் இழுப்பது பட்டர்ஃபிளை வால்வை. ஸ்லைடு வெற்றிடத்தால் தானாக ஏறும். அதனால் ஸ்லைடைத் தடவிப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக்கிலும் உள்ள சின்ன நிப்பிளில் வேக்வம் கேஜை மாட்டி, சூடான எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, இரண்டு முள்ளும் ஒன்றாக வரும்வரை கார்ப்பரேட்டர்களுக்கு நடுவே உள்ள சிங்க் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். பல கையேடுகளில் வரும் எல்லை, இரண்டுக்கும் வித்தியாசம் 2 செ.மீ. பாதரசத்துக்குள். கேஜ் இல்லாதவர்கள் ஒளி ஊடுருவும் குழாயை யு வடிவில் வளைத்து 2டி ஆயில் ஊற்றியும் ஒப்பிடலாம். ஆனால் 2 செ.மீ. பாதரசம் என்பது தண்ணீரில் 27 செ.மீ., ஆயிலில் இன்னும் சற்று அதிகம். குழாயைக் குட்டையாக வைத்தால் எஞ்சின் ஆயிலை உறிஞ்சிக் குடித்துவிடும். ஒரு பக்கக் குழாய் கழன்றாலும் அதேதான். டேங்க்கைக் கழற்றிவிட்டுத் தனிப் புட்டியில் பெட்ரோல் தொங்கவிட்டுச் செய்கிற வேலை என்பதால் நெருப்பு, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. வால்வு கிளியரன்ஸைச் சரிபார்க்காமல் கேஜை மாட்டாதீர்கள். இறுகிய வால்வு ஒரு சிலிண்டரின் வெற்றிடத்தையே மாற்றிக் காட்டும். ஆர்டியில் இந்த நிப்பிளும் கிடையாது. ரீட் வால்வு வழியே துடித்துத் துடித்து இழுக்கும் எஞ்சினில் நிலையான வெற்றிடமும் கிடைக்காது. அதற்கு விரலும் ஸ்போக்கும்தான்.

பின்தொடர்ந்து பார்த்தது

புதுக் கேபிள் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும், உறைகள் அதனதன் இடத்தில் அமரும். அதனால் 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வந்தது. ஸ்போக் வைத்துப் பார்த்ததில் இடது ஒரு மயிரிழை தாமதம். அட்ஜஸ்டரில் கால் சுற்று போதுமாக இருந்தது. பம்ப் குறியையும் கூடவே பார்த்தேன், இடம் மாறவில்லை. பிளக் இரண்டையும் கழற்றி அருகருகே வைத்தபோது எது இடது, எது வலது என்று தம்பிக்கே அடையாளம் தெரியவில்லை. ஏர் ஸ்க்ரூவையும் ஜெட்டையும் தொடவில்லை. இனி கேபிள் மாற்றினாலோ, கார்ப்பரேட்டரைக் கழற்றினாலோ, சிலிண்டர் போர் செய்தாலோ மட்டும் சிங்க் பார்க்கக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஸ்போக் ஜோடியை அவரே கேட்டு வாங்கி டூல் பாக்ஸில் போட்டுக்கொண்டு போனார்.